கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும்

பட்டிமன்றத் தலைப்பு: மயக்க மருந்து நமக்கு உணர்த்துவது, மனிதனின் சுயநினைவு வலியது என்பதையா? மெலியது என்பதையா?

(‘மெலியதே’ அணியின் நிறைவுப் பேச்சு)



நான் கள்ளக்குறிச்சிக்காரன். தொழில், மயக்க மருத்துவர். ஆளைத் தூங்க வைக்கிறதுதான் என் வேலை. அதுக்காக எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், மேற்படிப்பு மூணு வருஷம், ஆக எட்டரை வருஷம் படிச்சேன். இங்கே வந்து பார்த்தா, எதிரணியிலே ரெண்டு பேர் ஒரு படிப்பும் இல்லாம அந்த வேலையைப் பத்தே நிமிஷத்திலே செஞ்சிட்டுப் போயிட்டாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: டாக்டர், அவங்க தூங்க வச்சதை நீங்க எழுப்பி விடணும். அதுவும் உங்க வேலைதானே?

அதுதான் நடுவர் அவர்களே என் பேச்சே! தூங்க வைக்கிறது பெரிசில்லே. எழுப்பறதுதான் பெரிசு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

எங்க தொழிலுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆபரேஷன் செஞ்ச டாக்டரை ஊரே கும்பிடும். வீட்டுக்குப் போகும்போது பழக்கூடை கொடுத்துட்டுப் போவாங்க. பக்கத்திலே நிக்கிற என்னைப் பார்த்து, “சார், நீங்க யாரு?”ன்னு கேப்பாங்க. நான் வருத்தப்படறதில்லே. என்னை அவங்க மறந்தாத்தான் நான் வேலையை ஒழுங்கா செஞ்சேன்னு அர்த்தம்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். “மயக்க மருந்து கொடுத்தாலும் மனிதனின் நினைவு அழிவதில்லை. மறுபடி எழுந்து, தன் பெயரைச் சொல்கிறான், பிள்ளையைத் தேடுகிறான், விட்ட இடத்திலிருந்து வாழ்க்கையைத் தொடர்கிறான். ஆகவே சுயநினைவு வலியது” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, அறுவை அரங்கத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

மேசை மேலே படுத்திருக்கிறார் ஒருவர். ஊரிலே பெரிய மனிதர். பஞ்சாயத்திலே எழுந்தார் என்றால் எதிர்த்துப் பேச ஆளில்லை. அவர் கையிலே ஏறுகிற மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். புரோபோபால் என்று பேர். சோயா எண்ணெயிலும் முட்டைக் கருவின் கொழுப்பிலும் கலந்து வைத்திருப்பதால் அந்த வெள்ளை நிறம். “ஐயா, ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க” என்கிறோம். எண்ணுகிறார். பத்து வரைக்கும் வருகிறவர்கள் குறைவு. அம்பது வருஷமாகக் கட்டி எழுப்பிய ‘நான்’, ‘என் நிலம்’, ‘என் சாதி’, ‘என் கௌரவம்’ எல்லாம் அரை நிமிஷத்திலே போச்சு. ஒரு சின்னச் சிரிஞ்சு! நடுவர் அவர்களே, இதுவா வலியது? (கைதட்டல்)

“தூக்கத்திலும்தான் நினைவு போகிறது” என்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றல்ல. ராத்திரி தூங்கி எழுந்தால், கொஞ்ச நேரம் தூங்கினோமா, ரொம்ப நேரம் தூங்கினோமா என்று உடம்புக்கு ஒரு கணக்கு இருக்கும். மயக்கத்திலே அந்தக் கணக்கே கிடையாது. நாலு மணி நேர ஆபரேஷன் முடிந்து கண் திறக்கிறவர், “என்ன சார், எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?” என்று கேட்பார். அவரைப் பொறுத்தவரை அந்த நாலு மணி நேரம் காலண்டரிலேயே இல்லை. கிழித்து எடுத்த பக்கம்.

இன்னொன்றைச் சொல்கிறேன். ‘நான்’ என்பது ஒரே கல்லிலே செதுக்கிய தூண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை ஐயா. அது நாலு கால் பந்தல். வலி ஒரு கால், அசைவு ஒரு கால், ஞாபகம் ஒரு கால், விழிப்பு ஒரு கால். ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருவ முடியும். மற்றது அப்படியே நிற்கும். இதை உலகத்துக்குக் காட்டியதே மயக்க மருந்துதான்.

1844 டிசம்பர் 10. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற ஊர். சிரிப்பு வாயுவை வைத்து ஒரு வேடிக்கை நிகழ்ச்சி. சாமுவேல் கூலி என்று ஒரு இளைஞர் அந்த வாயுவை உறிஞ்சிவிட்டு மேடையிலே துள்ளிக் குதித்தார். ஓடினார், விழுந்தார், காலிலே நல்ல அடி. நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது காலிலே ரத்தம். பக்கத்தில் இருந்தவர் காட்டின பிறகுதான் அவருக்கே தெரிந்தது! ஆள் முழித்திருந்தார், ஓடினார், சிரித்தார். வலி மட்டும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர். மறுநாளே தன் பல்லை அந்த வாயுவோடு பிடுங்கச் சொன்னார். அங்கேதான் கதை தொடங்குகிறது. அந்த வெல்ஸ் என்ன ஆனார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது முக்கியம்.

அடுத்த கால், அசைவு. இங்கே சிசேரியன் ஆன தாய்மார்கள் நிறைய பேர் இருப்பீர்கள். முதுகுத் தண்டிலே ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. “டாக்டர், என் கால் எங்கே?” என்று கேட்பார்கள். “பத்திரமா இருக்கு, வீட்டுக்குப் போகும்போது தருவோம்” என்பேன். (சிரிப்பு) பாதி உடம்பு காணாமல் போய்விட்டது. ஆனால் குழந்தை ‘வீல்’ என்று அழுத அடுத்த நொடி, அந்தத் தாயின் கண்ணிலே வருகிற தண்ணீர் இருக்கிறதே, அது முழுத் தாயின் கண்ணீர். பாதித் தாயின் கண்ணீர் இல்லை!

மூன்றாவது, ஞாபகம். பதற்றத்தைக் குறைக்க மிடசோலம் என்று ஒரு மருந்து கொடுப்போம். ஆள் முழித்திருப்பார், பேசுவார், கேட்டதுக்குப் பதில் சொல்வார். ஆனால் ஒன்றும் பதியாது. ஒரு அம்மா அந்த மருந்து உள்ளே போனதும், “எங்க மாமியார் ரொம்ப நல்லவங்க டாக்டர்” என்று உருகினார்கள். சாயங்காலம் வார்டிலே நான் ஞாபகப்படுத்தினேன். “நானா? நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்!” (பலத்த சிரிப்பு) சொன்னது பொய்யில்லை நடுவர் அவர்களே. சொன்னவருக்குத்தான் தான் சொன்னது தெரியவில்லை.

நாலாவது, விழிப்பு. கெட்டமின் என்ற மருந்தில் கண் திறந்தே இருக்கும். நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். ஆனால் பார்க்கிறவர் அங்கே இல்லை. வீடு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் குரல் இல்லை.

அப்படியானால் மூளை அணைந்துபோகிறதா? இல்லை. இதுதான் இந்தக் காலத்து விஞ்ஞானம் கண்ட அதிசயம். மயக்கத்திலே மூளை சும்மா இருப்பதில்லை. சொல்லப்போனால் பெரிய பெரிய அலைகளாக, ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. காது வழியாகப் போன சத்தம் மூளையின் கேட்கிற பகுதி வரைக்கும் போய்ச் சேருகிறது. அங்கிருந்து மற்ற பகுதிகளுக்குச் சேதி போவதில்லை. அவ்வளவுதான்.

புரியும்படி சொல்கிறேன். இந்த அரங்கத்தில் ஆயிரம் பேர் இருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கிறவரோடு நீங்கள் பேசினால், அவர் அடுத்தவரோடு பேசினால், ஒரு செய்தி முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விடும். எல்லோரும் ஒரே தாளத்திலே கைதட்டினால்? சத்தம் பெரிசு. ஆனால் ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குக் கேட்காது. மயக்கத்திலே மூளை கைதட்டுகிறது ஐயா, பேசுவதில்லை!

நடுவர்: அப்ப இவங்க கைதட்டும்போது...?

நான் அதைச் சொல்லவே இல்லைங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆக, ‘நான்’ என்பது மூளைக்குள்ளே எங்கோ ஒரு மூலையில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிற ராஜா இல்லை. பல பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற பேச்சு அது. பேச்சு நின்றால் ‘நான்’ இல்லை. பேச்சை விட மெலிந்தது எது நடுவர் அவர்களே? ஒரு கதவைச் சாத்தினால் நின்றுபோகிறதே!

எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். “மயக்கத்திலும் சிலருக்கு நினைவு இருக்கிறதாமே? அது வலிமைக்குச் சாட்சி இல்லையா?” என்று. நல்ல கேள்வி. பிரிட்டனிலே டன்ஸ்டால் என்ற மருத்துவர் 1977-ல் ஒரு உத்தி சொன்னார். ஆபரேஷனுக்கு உடம்பின் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுப்போம் இல்லையா? அது போகாதபடி ஒரு கையை மட்டும் பட்டை போட்டு இறுக்கிவிடுவது. பிறகு மயக்கத்தில் இருக்கிறவர் காதிலே, “நான் சொல்வது கேட்டால் என் கையை அழுத்துங்கள்” என்று சொல்வது. 2017-ல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 260 பேரிடம் இப்படிப் பார்த்தார்கள். நூற்றுக்கு நாலைந்து பேர் கையை அழுத்தினார்கள்!

பயப்படாதீர்கள். எழுந்த பிறகு கேட்டால், அழுத்தியவர்களுக்கே பெரும்பாலும் ஒன்றும் ஞாபகம் இருப்பதில்லை. ஆபரேஷன் நடந்ததை நினைவு வைத்துக்கொண்டு தாங்களாகவே வந்து சொல்கிறவர்கள் மிக மிக அபூர்வம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2014-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், ஏறக்குறைய பத்தொன்பதாயிரம் மயக்கங்களுக்கு ஒன்று. ஆனால் அந்த அழுத்திய கையை யோசித்துப் பாருங்கள். கேட்டது யார்? அழுத்தியது யார்? எழுந்தவரைக் கேட்டால் “நான் இல்லை” என்கிறார். ஒரே உடம்புக்குள்ளே பதில் சொன்ன ஒருவர் வந்தார், முகவரி கொடுக்காமல் போய்விட்டார். தன் வீட்டுக்கு யார் வந்து போனார் என்று தனக்கே தெரியாத ஒன்றை ‘வலியது’ என்று எப்படி ஐயா சொல்வது?

இன்னொரு நண்பர் மெய்கண்டாரைத் துணைக்கு அழைத்தார். திருவெண்ணெய்நல்லூரிலே வாழ்ந்தவர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலே அந்த ஊரும் எங்கள் கள்ளக்குறிச்சியும் ஒரே குடும்பம். ஆகையால் மெய்கண்டாரை நான் எதிரணிக்கு விட்டுக்கொடுக்க முடியாது! (சிரிப்பு) 13-ஆம் நூற்றாண்டிலே சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் அவர் தூக்கத்தை வைத்தே வாதம் செய்தார். தூங்கும்போது மூச்சு ஓடுகிறது. ஆனால் உண்பதும் செய்வதும் இல்லை. ஆகவே அறிகிற உயிர் வேறு, மூச்சு வேறு என்றார். எங்கள் அறுவை அரங்கிலும் தினமும் இதைத்தான் பார்க்கிறோம். மூச்சு ஓடும். ஆள் இல்லை.

சரி. ஆனால் அதே சைவ சித்தாந்தம் இன்னொன்றும் சொல்கிறதே! உயிர் தனித்து நிற்காது, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்கிறதே! கண்ணுக்குப் பார்க்கிற சக்தி உண்டு, ஆனால் வெளிச்சம் இல்லாவிட்டால் அது பார்க்காது என்று உவமை சொல்கிறதே! சாரத் துணை வேண்டும் என்றால் அது வலியதா, மெலியதா? மெய்கண்டார் எங்கள் அணி! (கைதட்டல்)

நடுவர் அவர்களே! இப்போது எங்கள் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை வரைக்கும் பஸ் போகும். கடுக்காயும் புளியும் தேனும் வருகிற மலை. அந்த மலையிலிருந்து ஒரு பெரியவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். அவருக்கு இதய நோய் இல்லை, சர்க்கரை இல்லை, மலை ஏறி இறங்கின உடம்பு. ஆனால் பயம். முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“சாமி, நீ ஊசி போட்டா நான் எங்க போவேன்?”

எட்டரை வருஷப் படிப்பிலே இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் யோசிப்பதற்குள் அவரே கேட்டார். “தேன் எடுக்கறப்ப புகை போட்டா ஈ சொக்கிக் கெடக்குமே, அந்த மாதிரியா?”

“இல்லீங்க பெரியவரே. புகை ஈயை மயக்கறதில்லே. ஆபத்துன்னு ஒண்ணுக்கொண்ணு வாசனையால சொல்லிக்குமே, அதைப் புகை மறைச்சிடும். அவ்வளவுதான்” என்றேன். ஆனால் நிஜமாகவே தேனீக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. நியூசிலாந்திலே ஆக்லாந்து பல்கலைக்கழகத்திலே, 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி. பகல் நேரத்தில் ஆறு மணி நேரம் தேனீக்களை மயக்கத்தில் வைத்தார்கள். எழுந்த தேனீ, சூரியனைப் பார்த்துத் திசை குறித்துக்கொண்டு பறந்தது. ஆனால் தப்பான திசை! ஏன்? அதன் உடம்புக் கடிகாரம் மூணு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. சூரியன் நகர்ந்தது அதற்குத் தெரியாது.

தேனீ மட்டுமா? கிளாத் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டிலேயே தொட்டால்சிணுங்கிச் செடியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஈதர் ஆவியோடு வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால், சிணுங்கவில்லை! ஈதரை எடுத்த பிறகு மறுபடி சிணுங்கியது. செடிக்கு அகந்தை இல்லை, தேனீக்குத் தத்துவம் இல்லை, நமக்கு ரெண்டும் உண்டு. ஆனால் மருந்துக்கு முன்னாலே மூணு பேரும் ஒரே வரிசை.

பெரியவரிடம் திரும்புகிறேன். “சரி, போறது போறேன். திரும்பி வர வழி?” என்றார்.

“நான் பக்கத்திலேயே இருப்பேன்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அப்படிச் சொல்லு. பாறையிலே தேன் எடுக்க இறங்கறப்ப, மேலே கயிறு பிடிக்கக் கண்ட ஆளை நிறுத்த மாட்டோம். மச்சானைத்தான் நிறுத்துவோம். அவன் விட்டான்னா அவன் அக்காதானே தாலி அறுக்கணும்? அதனால விடமாட்டான். நாளைக்கு எனக்கு நீதான் மச்சான்!” (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஊசி போட்டுவிட்டு மயக்க டாக்டர் டீ குடிக்கப் போய்விடுவார் என்று சிலர் நினைக்கிறார்கள். தசை தளர்ந்ததும் மூச்சு நின்றுவிடும் ஐயா. அந்த நிமிஷத்திலிருந்து அவர் மூச்சு என் கையில். விரலிலே ஒரு கிளிப் மாட்டியிருப்போமே, அது ரத்தத்தின் ஆக்சிஜனை அளந்து ‘டிங், டிங்’ என்று சத்தம் கொடுக்கும். ஆக்சிஜன் குறைந்தால் சுருதி இறங்கும். நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். நாடி, ரத்த அழுத்தம், வெளிவிடும் மூச்சிலே கரியமில வாயு, எல்லாம் கண் முன்னாலே ஓடிக்கொண்டே இருக்கும். அவர் ‘நான்’ என்பதை இழந்திருக்கிற நேரத்தில், அவருக்கும் சேர்த்து நான் முழித்திருக்க வேண்டும்.

இப்போது எதிரணித் தலைவருக்குப் பதில் சொல்கிறேன். “எழுந்து வருகிறானே, ஆகவே வலியது” என்றீர்கள். தானாக வந்தானா? மூச்சு கொடுத்து, அளவு பார்த்து, மருந்தை நிறுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருத்தர் கொண்டு வந்தார் ஐயா! கிணற்றிலிருந்து வாளி தானாக மேலே வருகிறது என்று சொல்வீர்களா? (கைதட்டல்)

கயிறு பிடிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? வெல்ஸ் கதையைச் சொல்கிறேன் என்றேனே. சிரிப்பு வாயுவை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர். 1846 அக்டோபர் 16-ல் மார்ட்டன் என்பவர் பாஸ்டன் நகரிலே ஈதர் கொடுத்து வலியில்லாத ஆபரேஷனை ஊரறியக் காட்டினார். புகழெல்லாம் அவருக்குப் போனது. அஞ்சு மாசத்திலே, 1847 மார்ச்சிலே, ஈதர் கல்கத்தாவுக்கே வந்துவிட்டது. அதுவரைக்கும் நாலு ஆள் பிடித்துக்கொள்ள, வாயிலே துணி வைத்துக் கத்தி வைத்த காலம் முடிந்தது. உலகமே கொண்டாடியது. வெல்ஸ்? தன்மேலேயே குளோரோபாரத்தைச் சோதித்துப் பார்த்தார். பக்கத்திலே யாரும் இல்லை. நாள் கணக்கில் முகர்ந்து முகர்ந்து புத்தி பேதலித்தது. 1848 ஜனவரியிலே நியூயார்க் தெருவிலே பெண்கள்மேல் அமிலத்தை வீசிக் கைதானார். சிறையிலேயே உயிர் போனது. வயசு 33. எத்தனையோ பேர் வலியை நீக்க வழி காட்டிய மனிதரையே அந்த மருந்து தின்றுவிட்டது.

அவர் கதை அமெரிக்கக் கதை. எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னாலே ஒரு கேள்வி கேட்போம். “குடிப்பழக்கம் உண்டா?” பக்கத்திலே மனைவி இருப்பார். “சேச்சே, வாசனையே ஆகாது” என்பார். அந்த அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால், “வாரத்துக்கு... ஒரு எட்டு நாள் சார்” என்பார். (சிரிப்பு) இதை நாங்கள் ஏன் கேட்கிறோம் தெரியுமா? சாராயம் மூளையிலே போய்த் தட்டுகிற கதவும், எங்கள் மயக்க மருந்து தட்டுகிற கதவும் பெரும்பாலும் ஒன்றே. தினமும் தட்டித் தட்டிக் கதவு இறுகிப்போயிருந்தால் எங்கள் அளவு மாறும். ஆகவே குடிக்கிறவர் என்ன செய்கிறார்? தனக்குத் தானே மயக்கம் கொடுத்துக்கொள்கிறார். அளவு பார்க்க ஆளில்லை, மூச்சு பார்க்க ஆளில்லை, எழுப்ப ஆளில்லை.

2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரம். 18, 19 தேதிகள். நாடே அறியும். நாள் முழுக்க மூட்டை தூக்கின உடம்பு, கூலிக்கு உழைத்த உடம்பு. வலி தெரியாமல் ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்று பாக்கெட்டை வாங்கினார்கள். உள்ளே இருந்தது மெத்தனால். அது மலையிலே விளைவதில்லை ஐயா, ஆலையிலே விளைவது. பெயின்டுக்கும் பசைக்கும் போகிற பொருள். குடித்தால் முதலில் சாதாரணப் போதை மாதிரியேதான் இருக்கும். அதுதான் அதன் சூது. பிறகு ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைப் பிடிக்கும். “கண்ணுக்கு முன்னாலே வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரியலே” என்பார்கள். அதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

எங்கள் ஊருக்கு 2019-ல்தான் தனி மாவட்டம் வந்தது. 2022-ல்தான் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. அந்த ரெண்டு நாளும் ஆம்புலன்ஸ்கள் கள்ளக்குறிச்சிக்கும், சேலத்துக்கும், விழுப்புரத்துக்கும், புதுச்சேரிக்கும் ஓடின. அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் அதிலே உண்டு. தாயும் தகப்பனும் சேர்ந்து போய், பிள்ளைகள் மட்டும் நின்ற வீடும் உண்டு.

(அரங்கில் அமைதி)

அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பேசினார்கள். “கல்வராயன் மலை என்றாலே சாராயம்” என்று. என்னிடம் வந்த அந்தப் பெரியவர் ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம் கழித்து ஒரு பாட்டில் கொண்டுவந்தார். தேன் பாட்டில். மலையைப் பழிக்காதீர்கள். அந்த மலைதான் எனக்கு, கயிற்றின் மேல்முனையிலே யார் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது.

செத்தவர்களைக் குடிகாரர்கள் என்று ஒரே வார்த்தையிலே தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை நடுவர் அவர்களே. அவர்கள் தேடியதும், என் மேசையிலே படுக்கிறவர் தேடுவதும் ஒன்றுதான். கொஞ்ச நேரம் வலி இல்லாமல் இருக்க வேண்டும். வித்தியாசம் மருந்திலே மட்டும் இல்லை. ஒருவருக்குப் பக்கத்திலே முழித்திருக்க ஒரு ஆள் இருந்தார். இன்னொருவருக்கு, விற்றவன் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அதனாலேதான் இந்தத் தலைப்பு வெறும் பேச்சுக்கான தலைப்பு இல்லை என்கிறேன். சுயநினைவு வலியது என்று நம்புகிறவன்தான், “எவ்வளவு குடிச்சாலும் நான் ஸ்டெடி” என்று வண்டியை எடுக்கிறான். வலியது என்று நம்புகிறவன்தான், டாக்டர் ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்று சொன்னால், “ரெண்டு இட்லிதானே” என்று தின்றுவிட்டு வந்து மறைக்கிறான். மயக்கத்திலே அந்த இட்லி மேலே வந்து நுரையீரலுக்குள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. மெலியது என்று தெரிந்தவன் காப்பாற்றுவான். கண்ணாடிச் சாமானைத்தானே நாம் பத்திரமாக வைக்கிறோம்? அம்மிக்கல்லையா பீரோவிலே வைத்துப் பூட்டுகிறோம்? (கைதட்டல்)

உங்களிடம் ஒரே வேண்டுகோள். மயக்க மருந்துக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப்போட்ட கட்டியும் குடலிறக்கமும் நமக்காகக் காத்திருக்காது. ஆனால் மயக்க டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். குடி, புகை, சாப்பிட்ட மாத்திரை, ஆடுகிற பல், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கயிறு பிடிக்கிறவருக்கு உங்கள் எடை தெரிய வேண்டாமா?

முடிக்கிறேன் நடுவர் அவர்களே. ‘நான்’ என்பது அகல் விளக்கின் சுடர். காற்று அடித்தால் ஆடும். அதனாலே அதற்கு மதிப்புக் குறைவா? இல்லை. காற்று அடிக்கும்போது கையைக் குவித்து மறைக்கிற ஒரு மனிதர் பக்கத்திலே வேண்டும். பிறந்த அன்றைக்குத் தாய் மறைத்தாள். காய்ச்சலிலே பிதற்றிய ராத்திரி மனைவி மறைத்தாள். அறுவை அரங்கிலே முகம் தெரியாத ஒருவர் மறைக்கிறார். ஒவ்வொரு ‘நானு’க்கும் பின்னாலே முழித்திருந்த ஒரு ‘நீ’ இருக்கிறார். இதைத்தான் மயக்க மருந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஆகவே, மனிதனின் சுயநினைவு மெலியதே, மெலிந்ததாலேயே காக்கத் தக்கதே என்ற நல்ல தீர்ப்பைத் தருவீர்கள் என்ற நம்பிக்கையோடும், நீங்கள் இவ்வளவு நேரம் தூங்காமல் கேட்டதில் என் தொழில் தோற்றுப்போன மகிழ்ச்சியோடும் முடிக்கிறேன். (நீண்ட கைதட்டல்)